ஸ்டேஷன் வாசலுக்கு வராதவர்கள்

எங்கள் வீட்டு மாடியில் ரீடிங் ஹால் நடத்துகிறேன். கலெக்டர் ஆகப் போகிறவர்கள், தாசில்தார் ஆகப் போகிறவர்கள், ஒன்றுமில்லாவிட்டால் வி.ஏ.ஓ.வாவது ஆகியே தீருவேன் என்று தலைகீழாக நிற்கிறவர்கள் எல்லாரும் என் மாடியில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மேசை, ஒரு பலகைத் தடுப்பு, ஒரு பிளக் பாயின்ட். கீழே என் வீட்டுக்காரர் தறி போட்டிருக்கிறார். "தறிச் சத்தம் டிஸ்டர்பா இருக்குது ஆன்ட்டி" என்று வந்து நிற்பார்கள். தறி நின்றால் மாடி ஃபேனுக்கு கரன்ட் பில்லை உங்கப்பா வந்து கட்டுவாரா என்று கேட்பேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள்.

இவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரமாட்டேன் என்கிறது. எதை நினைத்தாலும் அருவருப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. சரி, அதையே எழுதிவிட்டுப் போகிறேன்.

தினமும் மாடியைக் கூட்டுவது நான்தான். மேசைக்கடியில் வேர்க்கடலைத் தோல், வாஷ்பேசினில் இட்லித் துணுக்கு, ஜன்னல் கம்பியில் யாரோ ஒட்டிவைத்த பபிள்கம். அதெல்லாம் கூடப் பரவாயில்லை, வயசுப் பிள்ளைகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு இங்கிலீஷ் பேப்பர் வாங்கிப் போடுகிறேன். அதில் தலையங்கப் பக்கத்தை மட்டும் பிளேடால் நறுக்கிக்கொண்டு போகிறான் ஒருத்தன். அடுத்தவன் படித்துவிடக் கூடாதாம். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். பார்த்தால், பொதுச் சொத்தைக் காப்பது குடிமகனின் கடமை என்று சுவரில் கலர் பேனாவில் எழுதி ஒட்டியவனேதான். "நோட்ஸுக்கு வேணும் ஆன்ட்டி" என்றான், வெட்கமே இல்லாமல். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பெருமாள் கோயில் கோபுரமே தெரியும் என்பதால் இந்தப் பழமொழி என் வாயில் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

காலையில் படிப்பு ஆரம்பிக்கும் முன் இவர்களுக்கு ஒரு பூஜை உண்டு. ஒருத்தர் அரசியலமைப்பில் ஒரு நம்பரைக் கத்த வேண்டும், அடுத்தவர் அது என்ன சரத்து என்று சொல்ல வேண்டும். "பதினேழு!" "தீண்டாமை ஒழிப்பு!" "இருபத்தொண்ணு!" "உயிர் வாழும் உரிமை!" "இருபத்திரண்டு!" "கைதிலிருந்து பாதுகாப்பு!" மூச்சு விடாமல் போகும். மார்க்கெட்டில் ஏலம் விடுகிற மாதிரி. தெருவில் பால் ஊற்ற வருகிறவர்கூட நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவார்.

இந்தப் பூஜைக்குப் பூசாரி ஒருத்தன். எல்லாரும் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிலிம்ஸ் தாண்டி மெயின்ஸ் எழுதிவிட்டு வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களுக்கு அடிப்படை உரிமைகள் பற்றி வகுப்பு எடுப்பான். நல்ல குரல், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். அவன் பேச ஆரம்பித்தால் கீழே என் வீட்டுக்காரரே மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். "பையன் எங்கியோ போவப் போறான் பாரு" என்பார்.

இன்னொருத்தி ஜன்னலோர மேசைக்காரப் பெண். திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். இங்கே ஒரு ஒற்றை அறையில் தம்பியோடு வாடகைக்கு இருந்தாள். அவன் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு, ஜவுளிக் கடைகளில் மூட்டை இறக்குவது, திருவிழா என்றால் வண்டி பார்க்கிங்கில் டோக்கன் கொடுப்பது என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தான். அக்கா படிக்கட்டும் என்று தானாகவே ஒதுங்கிக்கொண்ட பிள்ளை. மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, "ஆன்ட்டி, அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று சைக்கிளில் பறப்பான். மாடிக்கு வந்ததே இல்லை. உள்ளே எல்லாரும் படிக்கிறார்கள், தொந்தரவாக இருக்குமாம்.

கருட சேவை அன்று காலை. ஊரே பெருமாள் கோயில் பக்கம் சாய்ந்திருந்தது. நான் வாளியும் மாப்புமாக மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தலைகூட வாராமல் என்னைத் தாண்டி ஓடினாள். என்னம்மா என்று கேட்டது அவள் காதில் விழவில்லை. நானும் பின்னாலேயே போனேன். மாடியில் சரத்துப் பூஜை நடந்துகொண்டிருந்தது. அவள் நேராக அண்ணாவிடம் போய் நின்றாள்.

"அண்ணா, என் தம்பிய நேத்து சாயந்திரம் ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிட்டாங்க. அவன் பார்க்கிங்ல இருந்து யாரோ ஒருத்தர் பைக் காணாம பூட்ச்சாம். நைட்டெல்லாம் வரல. கூட வேல செய்யற பையன் இப்பதான் வந்து சொன்னான். உள்ள அடிக்கறாங்களாம் ணா."

ஹாலில் சத்தம் நின்றது.

"நீங்க யாரும் ஒண்ணும் பேச வேணாம். ஒரு நாலு பேர் கூட வந்து வாசல்ல நின்னா போதும். படிச்சவங்க நிக்கறாங்கன்னு பாத்தா கை வெக்க மாட்டாங்க."

அண்ணா மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டான். "எஃப்.ஐ.ஆர். போட்டுட்டாங்களா?"

"தெரில ணா."

"டென்ஷன் ஆவாத. ஆர்ட்டிகிள் ட்வென்டி டூ. எதுக்கு அரெஸ்ட்னு சொல்லியாகணும். அட்வகேட்ட பாக்க விடணும். இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி ப்ரொட்யூஸ் பண்ணணும்."

"டிராவல் டைம் சேராது" என்றான் பேப்பர் நறுக்குகிறவன். சரியான விடை சொல்லிவிட்ட திருப்தி அவன் மூஞ்சியில் வழிந்தது.

"அதெல்லாம் எனக்கும் தெரியும் ணா" என்றாள் அவள். "கூட வாங்க."

அண்ணா குரலை இறக்கிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "புரிஞ்சுக்கோமா. நாளைக்கு நாம பாஸ் பண்ணா வெரிஃபிகேஷனுக்கு இந்த ஸ்டேஷன்லேர்ந்துதான் வருவாங்க. கும்பலா போய் நின்னா பேர் எழுதிக்குவாங்க. பேர் ஒரு தடவ ஏறிச்சுன்னா முடிஞ்சுது. இத்தன வருஷம் படிச்சது எல்லாம் வேஸ்ட்."

"அங்க கேமரா வேற இருக்குது" என்றான் இன்னொருத்தன். தினமும் அவளோடு டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிற பெண், "எங்க வீட்ல கொன்னுடுவாங்கடி" என்று சொல்லிவிட்டு மேசைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடமில்லை, நான் துடைத்த தரை. "ஏம்பா, கொலையா பண்ணச் சொன்னா அந்தப் பொண்ணு? வாசல்ல வந்து நில்லுன்னுது. தெனம் காலைல இருபத்திரண்டு இருபத்திரண்டுன்னு என் கூரையே பேந்து வர்ற மாதிரி கத்தறீங்களே, அது யாருக்கு?" என்றேன்.

"ஆன்ட்டி, உங்களுக்கு இது புரியாது. இது எங்க கரியர்" என்றான் அண்ணா.

கரியராம் கரியர். அந்த வார்த்தையைக் கேட்டதும் சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி ஒரு நாற்றம் எனக்கு. பயப்படுவதில் தப்பில்லை. போலீஸ் என்றால் எனக்கும்தான் பயம். பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை அருவருப்பு வந்திருக்காது. அந்தப் பயத்துக்குக் கோட்டு மாட்டி, டை கட்டி, விவரம் தெரிந்த ஆள் மாதிரி நடமாட விட்டதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

அண்ணாவுக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். "இரு, வெறுங்கையா போவாத, பெட்டிஷன் எழுதித் தரேன்" என்று பேப்பரை எடுத்தான். எல்லாரும் சுற்றி நின்றார்கள். இதை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்ப மாட்டேன். அந்த மனிதன் எழுதியது பெட்டிஷனே இல்லை, பரீட்சை விடை! முன்னுரை, இந்திய அரசியலமைப்பு ஒரு வாழும் ஆவணம். நடுவில் ஒரு கட்டம், அதிலிருந்து அம்புக்குறி, மாஜிஸ்திரேட் என்று இன்னொரு கட்டம். முக்கியமான வார்த்தைகளுக்கு அடிக்கோடு. காவல் துறைச் சீர்திருத்தத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று முடிவில் 'வே ஃபார்வர்ட்'. பையன் பெயர் என்ன, எப்போது பிடித்தார்கள், எந்த இடத்தில், ஒன்றும் இல்லை. வருஷக்கணக்கில் இப்படியே எழுதி எழுதி, கைக்கு வேறு மாதிரி எழுத வராமல் போய்விட்டது.

"செம ஆன்சர் ணா, கீவேர்ட்ஸ் எல்லாம் உள்ள வந்துடுச்சு" என்றான் ஒருத்தன். இரண்டு பேர் செல்போனை எடுத்து அதைப் போட்டோ பிடித்துக்கொண்டார்கள். இந்த வருஷம் மெயின்ஸில் இந்தக் கேள்வி வந்தாலும் வருமாம். சீ!

கையெழுத்து? யாரும் போடவில்லை. "என் ஹேண்ட்ரைட்டிங் இருக்க வேணாம்மா, நீ வேற பேப்பர்ல காப்பி பண்ணிக்கினு குடு" என்றான் அண்ணா. காப்பி பண்ண அவளுக்கு ஏது நேரம். வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் வாளியை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் அடுப்பில் பால் இருக்கிறது என்று கத்திவிட்டு, அவள் பின்னால் போனேன்.

எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். ஊரில் நான் இன்னும் குடியிருக்க வேண்டும். திருவிழா பந்தோபஸ்துக்குப் பாதிப் பேர் போயிருந்தார்கள். கேஸ் எழுதுகிற ரைட்டர் ஒருத்தர் மேசையில் இருந்தார். தம்பி பெயரைச் சொன்னதும், "அப்பிடி யாரும் இங்க இல்லம்மா" என்றார், நிமிராமலே.

அவள் உள்கதவைக் காட்டினாள். கதவோரம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. ஒரு வார் அறுந்து ஊதா நூலால் தைத்திருந்தது. "அது என் தம்பி செருப்பு சார். நான்தான் தெச்சேன்."

அப்போதுதான் ரைட்டர் நிமிர்ந்தார். "விசாரணைக்கு வந்திருக்கறான். அனுப்பிடுவோம், போய் வெளிய உக்காருங்க." அவள் கையிலிருந்த பேப்பரைப் பார்த்து, "இன்னாது அது?" என்றார்.

கொடுத்தாள். அவர் படிக்கப் படிக்க வாய் கோணியது. "வாழும் ஆவணமா?" என்றார். பக்கத்தில் இருந்த ஆளைக் கூப்பிட்டு, "தோ பாருயா, கட்டம்லாம் போட்டு வெச்சிருக்குது. வே ஃபார்வர்டாம். நம்மள சீர்திருத்தப் போறாங்களாம்" என்று உரக்கப் படித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை.

"யாரு எழுதிக் குடுத்தது இத?"

ஒரு பெயரைச் சொல்ல வேண்டியதுதான். எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. அதற்குள் அவள், "நான்தான் சார்" என்றாள்.

"அப்ப நீ எக்ஸாம் எழுதற பொண்ணா?" சட்டென்று அவர் குரல் மெதுவாகிவிட்டது. அந்த மென்மை எனக்குப் பிடிக்கவே இல்லை. "மொதல்லயே சொல்றதில்லையா? நாளைக்கு நீயே எங்களுக்கு மேடமா வருவ. போ, மரத்தடியில உக்காரு." அந்தப் பேப்பரைக் கிழிக்காமல் பத்திரமாக மேசைக்குள் வைத்துக்கொண்டார்.

மரத்தடியில் உட்கார்ந்தோம். உள்ளே போகிற வருகிற எல்லாரையும் அவள் எழுந்து நின்று பார்த்தாள். தெரிந்த வக்கீல் ஒருத்தருக்குப் போன் போட்டேன். கருட சேவையில் இருப்பார் போல, மேளச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஊர்க் கூட்டம் எல்லாம் சாமி பார்த்துவிட்டு மோர் குடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

வெயில் தாழ்ந்த பிறகு பைக் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. திருடு போகவே இல்லையாம். வண்டிக்காரர் அதை வேறொரு தெருவில் நிறுத்திவிட்டு இந்தப் பார்க்கிங்கில் வந்து தேடியிருக்கிறார். திருவிழாக் கூட்டத்தில் மறந்துவிட்டாராம். ஒரு ஆள் மறந்ததற்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை ராத்திரி முழுக்க அடி வாங்க வேண்டும். வண்டிக்காரர் வந்து "சாரி சார்" என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். சார் என்றது ரைட்டரை. பையனைப் பற்றி அவர் கேட்கக்கூட இல்லை.

ரைட்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். ஒரு வெள்ளைத்தாளில் ஏற்கெனவே எழுதியிருந்தது. என் தம்பியை எந்தக் காயமும் இல்லாமல் நல்ல நிலையில் அழைத்துப் போகிறேன், எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

"நான் மொதல்ல அவனப் பாக்கணும் சார்."

"கையெழுத்து போடு, பாரு. அரெஸ்ட்டே இல்ல, எஃப்.ஐ.ஆரே இல்ல, எதுலயும் அவன் பேர் இல்ல. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு உன் வெரிஃபிகேஷனுக்கு நாங்கதான வரணும்?"

காலையில் மாடியில் அண்ணா சொன்ன அதே வார்த்தை. என் மாடியில் நான் பொறுக்கிப்போட்ட குப்பையை யாரோ கொண்டுவந்து இங்கே கொட்டின மாதிரி இருந்தது. அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். உள்கதவைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் பிள்ளை வெளியே வர மாட்டான், அவ்வளவுதான் அங்கே இருந்த சட்டம்.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். செருப்பைக் காலில் போட முடியவில்லை, கையில் எடுத்துக்கொண்டான். எங்களைப் பார்த்துச் சிரித்தான் அந்தப் பிள்ளை. "ஒண்ணும் இல்லக்கா, சும்மா கேட்டாங்க" என்றான்.

ஆட்டோவில் ஏறியதும் என் போன் அடித்தது. ஹால்காரர்கள் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள், தண்ணீர் கேன் வரவில்லை என்றால் சொல்ல. அண்ணா கேட்டிருந்தான், எஃப்.ஐ.ஆர். போட்டாங்களா ஆன்ட்டி? இல்லை என்று போட்டேன். உடனே வந்தது பார், கட்டைவிரல், கும்பிடு, கைத்தட்டல். சூப்பர். அப்போ நோ இஷ்யூ. அண்ணா பெட்டிஷன் ஒர்க் ஆயிடுச்சு, மாஸ். எத்தனை அடி பட்டது, பையன் நடக்கிறானா என்று ஒரு நாய் கேட்கவில்லை. நாயைச் சொன்னது தப்பு, அது வாசல் வரைக்குமாவது கூட வரும். அதற்கப்புறம் ஒரு வரி வந்தது. ஒருவேளை போலீஸ் போனைச் செக் பண்ணினால் எல்லாருக்கும் பிரச்சினை என்பதால், அந்தப் பெண்ணை இப்போதைக்குக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டானாம் அண்ணா. எல்லாருடைய பாதுகாப்புக்காகவாம்.

அவளும் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணைத்துப் பையில் போட்டாள். நான் தலையை வெளியே நீட்டிக் காறித் துப்பினேன். "பாத்துமா" என்றார் ஆட்டோக்காரர்.

கொஞ்சம் தள்ளி ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டியில் இருந்தவர் இளவயது டாக்டர். பையனைக் கட்டிலில் உட்கார வைத்தார். இரண்டு உள்ளங்காலும் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்துவிட்டது.

"எப்பிடி ஆச்சு?"

"படில விழுந்துட்டேன் சார்" என்றான் தம்பி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்திருக்கிறான்.

"எந்தப் படி?"

"தோ இந்த ஆன்ட்டி வீட்டு மாடிப்படி சார். அக்கா அங்கதான் படிக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல அதுக்கு எக்ஸாம் சார், சீக்கிரம் பாத்து அனுப்பிடுங்க."

டாக்டர் மூச்சு விட்டார். பாரம் இறங்கின மூச்சு. பேனாவை எடுத்தார்.

"அத எழுதாதீங்க சார்" என்றாள் அவள்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"அவன் படில விழல. ஸ்டேஷன்ல அடிச்சாங்க. நேத்து சாயந்திரத்துலேர்ந்து. அத எழுதுங்க."

"நல்லா யோசிச்சுக்கோமா. நான் எழுதினா போலீஸுக்குத் தகவல் போகும். அப்புறம் அவங்களே வந்து உன்ன விசாரிப்பாங்க. நீ வேற எக்ஸாம் எழுதற பொண்ணுன்னு சொல்றான். இதுல உன் பேரெல்லாம் வரும்." அவர் கெட்டவர் இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், பெரியவளாக நான் அவளுக்கு நல்ல புத்தி சொல்வேன் என்று.

"அது சொல்றத எழுதுங்க சார்" என்றேன். "என் வீட்டுப் படியில இதுவரிக்கும் யாரும் விழுந்தது இல்ல."

"என் பேர் வரட்டும் சார்" என்றாள் அவள். "ஸ்டேஷன்ல இருக்கற யார் பேரெல்லாம் வரணுமோ அதையும் அவன் சொல்வான்."

அதுவரைக்கும் அழாத பிள்ளை அப்போது உடைந்து அழுதான். ஸ்டேஷனிலும் அழவில்லை, ஆட்டோ பள்ளத்தில் ஏறி இறங்கியபோதும் அழவில்லை. "வேணாங்கா, உன் பரீட்ச போயிடுங்கா, இதுக்கா நான் அவ்ளோ அடி வாங்கினேன், விழுந்துட்டேன்னே எழுதச் சொல்லுக்கா" என்று அவள் கையைப் பிடித்து ஆட்டினான்.

அவள் துப்பட்டாவால் அவன் மூஞ்சியைத் துடைத்தாள்.

"போனா போவுதுடா. கால நீட்டு, டாக்டர் பாக்கட்டும்."